எழுதும்போது தோற்கும் கோப்பு முறைமை: அறிகுறியிலிருந்து பேக்போர்ட் ஒப்புதல் வரை

கோப்பில் எழுதச் சொன்ன நிரலுக்குக் கெர்னல் (இயங்குதளத்தின் கரு) "ஆயிற்று" என்று பதில் தந்த பிறகும் அந்தத் தரவு வட்டுக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். லினக்ஸில் ரைட் அழைப்பு, வேறு ஏற்பாடு செய்யாதவரை, தரவை நினைவகத்தில் உள்ள பேஜ் கேஷில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. வட்டில் எழுதும் வேலையைப் பின்னணி இழைகள் பிறகு செய்கின்றன. இயல்பான அமைப்பில் அவை 5 விநாடிக்கு ஒருமுறை விழித்து, 30 விநாடிக்கு மேல் காத்திருக்கும் பக்கங்களை எடுத்து எழுதும். ஆகவே எழுதுதல் தோற்கும் கணமும் அந்தத் தோல்வி யாருக்காவது தெரியவரும் கணமும் வேறு வேறு. சில வேளைகளில் எழுதித் தோற்ற நிரல் ஒன்று, பிழையைப் பெறும் நிரல் வேறொன்று. இந்த இடைவெளியை மனத்தில் வைத்துக்கொண்டு கீழ்க்காணும் அறிகுறிகளைப் படிக்க வேண்டும். குறை கோப்பு முறைமையிலேயே இருந்தால், அதன் திருத்தத்தைப் பழைய கெர்னல் கிளைக்கும் கொண்டுபோவதே (பேக்போர்ட்) கடைசிப் படி.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். பயன்பாடு காட்டும் செய்தியை நம்பாமல், நிரலின் கெர்னல் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவி கொண்டு கெர்னல் தந்த பிழை எண்ணைப் பார்க்க வேண்டும். "சேமிக்க முடியவில்லை" என்ற ஒரே வாசகத்துக்குப் பின்னால் 5 (உள்ளீடு வெளியீட்டுப் பிழை), 28 (இடமில்லை), 30 (வாசிக்க மட்டும்), 122 (பங்கீட்டு வரம்பு மீறல்) ஆகிய நான்கில் எதுவும் இருக்கலாம். நான்குக்கும் மருந்து வேறு.

அறிகுறி: "இடமில்லை" என்கிறது, ஆனால் இடம் இருக்கிறது (எண் 28)

டிஎஃப் கட்டளை பல ஜிகாபைட் காலியாக இருப்பதாகக் காட்டும்போது எண் 28 வந்தால், தீர்ந்துபோனது இடமாக இல்லாமல் வேறொன்றாக இருக்கக்கூடும். டிஎஃப் கட்டளையை ஐநோடு (கோப்புக்கு ஒன்றாக அதன் விவரங்களை வைக்கும் பதிவு) விருப்பத்துடன் மறுபடி இயக்கிப் பாருங்கள். ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமையில் ஐநோடுகளின் எண்ணிக்கை வட்டை வடிவமைக்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. இயல்பான கணக்கு 16384 பைட்டுக்கு ஓர் ஐநோடு. சராசரியாக 2 கிலோபைட் அளவில் லட்சக்கணக்கான அமர்வுக் கோப்புகளைக் குவிக்கும் சேவையகத்தில் இடத்துக்கு முன்பே ஐநோடு தீர்ந்துவிடும். கோப்புகளை அழிப்பது, கோப்பு முறைமையைப் பெரிதாக்குவது அல்லது புதிதாக வடிவமைப்பது தவிர வேறு வழியில்லை.

ரூட் (நிர்வாகி) பயனரால் எழுத முடிகிறது, மற்றவர்களால் முடியவில்லை என்றால் ஒதுக்கீட்டைப் பாருங்கள். ஈஎக்ஸ்டி4 இயல்பாக 5 விழுக்காட்டை ரூட்டுக்கென ஒதுக்கி வைக்கிறது. 1 டெராபைட் வட்டில் அது ஏறத்தாழ 50 ஜிகாபைட். தரவுக்கென்றே தனியாக வைத்த வட்டானால் டியூன்2எஃப்எஸ் கருவி கொண்டு அதைக் குறைத்துக்கொள்ளலாம். இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியு கட்டளை சிறிய கூட்டுத்தொகையைக் காட்ட, டிஎஃப் மட்டும் வட்டு நிரம்பியதாகச் சொல்லும். அழிக்கப்பட்ட பின்னும் ஏதோ ஒரு நிரல் திறந்தே வைத்திருக்கும் கோப்புதான் அங்கே இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். திறந்த கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் அதைக் காட்டிக்கொடுக்கும்.

கோப்பு முறைமைக்கே உரிய காரணங்களும் உள்ளன. எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை ஐநோடுகளை 64 கொண்ட தொகுதிகளாக ஒதுக்குகிறது. 512 பைட் ஐநோடு என்றால் 32 கிலோபைட் அளவுக்குத் தொடர்ச்சியான காலியிடம் வேண்டும். காலியிடம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தால் புதுக் கோப்பு உருவாகாது, பழைய கோப்பில் எழுதுவதோ தடையின்றி நடக்கும். பின்னர் வந்த இடைவெளி ஐநோடு வசதி (சிறு துண்டுகளிலும் ஐநோடு ஒதுக்குவது) இதைப் பெரிதும் தணித்திருக்கிறது. பட்டர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் தரவுக்கும் மீத்தரவுக்கும் (கோப்புகளைப் பற்றிய தகவலுக்கும்) தனித்தனித் துண்டங்கள் ஒதுக்கப்படுவதால், மீத்தரவுப் பகுதி நிரம்பினால் தரவுப் பகுதியில் எவ்வளவு காலியாக இருந்தும் பயனில்லை. அழிப்பதற்கும் அங்கே புது மீத்தரவு எழுத வேண்டும் என்பதால் கோப்பை அழிக்கும் முயற்சியே 28 தரலாம். அப்போது பயன்பாடு குறைந்த தரவுத் துண்டங்களை மட்டும் பேலன்ஸ் செய்து (அவற்றிலுள்ள தரவை வேறு துண்டங்களுக்கு நகர்த்தி) இடத்தை மீட்க வேண்டும். பயனருக்கு வகுத்த பங்கீட்டு வரம்பை மீறினால் வழக்கமாக வருவது 122. ஆனால் எக்ஸ்எஃப்எஸ் திட்டப் பங்கீடு (அடைவுத் தொகுதிக்கு வகுக்கும் வரம்பு) 28 என்றே சொல்லும். இதை அறியாதவர் வட்டையே அளந்துகொண்டிருப்பார்.

வட்டுக்குச் சம்பந்தமே இல்லாத 28 ஒன்றும் உண்டு. கோப்பு மாற்றங்களை அறிவிக்கும் ஐநோட்டிஃபை கண்காணிப்புகளின் வரம்பு முடிந்தாலும் கெர்னல் இதே எண்ணைத்தான் தருகிறது. எஸ்ட்ரேஸ் பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான்.

அறிகுறி: திடீரென்று எல்லாமே "வாசிக்க மட்டும்" (எண் 30)

இது நோயன்று, காய்ச்சல். ஈஎக்ஸ்டி4 தன் மீத்தரவில் முரண்பாட்டைக் கண்டாலோ ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் பதிவேடு) எழுத முடியாமல் போனாலோ மேலும் கெடாமலிருக்கத் தன்னை வாசிப்பு நிலைக்கு மாற்றிக்கொள்கிறது. முரண்பாடு கண்டபின் தொடர்வதா, வாசிப்பு நிலைக்குப் போவதா, கெர்னலையே நிறுத்துவதா என்பது எர்ரர்ஸ் என்ற மவுண்ட் (வட்டைக் கணினியில் இணைத்தல்) விருப்பத்தைப் பொறுத்தது. எக்ஸ்எஃப்எஸ் வாசிப்பு நிலைக்கு மாறுவதில்லை, முழுவதுமாகக் கடையை மூடிவிடும். அதன்பின் எந்த அழைப்புக்கும் எண் 5 வரும்.

பார்க்க வேண்டியது 30 வந்த கணத்தை அல்ல, அதற்கு முந்தைய கெர்னல் செய்திகளை. அதிலும் முதல் செய்தியை. ஜர்னல் கைவிடப்பட்டது என்ற வரிக்குச் சில வரி மேலே வட்டின் உள்ளீடு வெளியீட்டுப் பிழை இருந்தால் கோப்பு முறைமை நிரபராதி. கம்பியையோ வட்டையோ கட்டுப்படுத்தியையோ பார்க்க வேண்டும். மெல்லிய ஒதுக்கீட்டுத் தொகுப்பின் (இருப்பதைவிட அதிக இடத்தை வாக்களிக்கும் அமைப்பின்) மேல் வட்டு இருந்தால், தொகுப்பு நிரம்பியதும் கெர்னலின் டிவைஸ் மேப்பர் (மெய்நிகர் வட்டுகளை அமைக்கும் அடுக்கு) இயல்பாக 60 விநாடி எழுதுதல்களைக் காத்திருக்க வைத்துவிட்டுப் பிறகு தோல்வி என்று திருப்பி அனுப்பும். பயனருக்கு அது "ஒரு நிமிடம் தொங்கியது, பிறகு செத்தது" என்று தெரியும்.

பதிவுக் கோப்புகளும் அதே வட்டில்தான் இருக்கும் என்பதால், நமக்கு வேண்டிய அந்தச் செய்தியே வட்டில் எழுதப்படாமல் போகும். மறுதொடக்கத்துக்கு முன் கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையின் வெளியீட்டை வேறு கணினிக்கு எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் பொத்தானை அழுத்தியவருக்கு உதவ யாராலும் முடியாது. வற்புறுத்தி மறுபடி எழுதும் நிலைக்கு மவுண்ட் செய்வதும், மவுண்ட் ஆகியிருக்கும் வட்டின்மேல் ஈ2எஃப்எஸ்சிகே என்ற சரிபார்ப்புக் கருவியை ஓட்டுவதும் சிறு காயத்தைப் பெரும் காயமாக்கும் செயல்கள்.

அறிகுறி: எஃப்சின்க் ஒருமுறை தோற்றது, மறுமுறை வென்றது (எண் 5)

இந்தப் பட்டியலில் மிகக் கொடியது இதுவே. எஃப்சின்க் என்பது, கோப்பின் தரவை வட்டில் எழுதி முடிக்கும்வரை காத்திருக்கும் அழைப்பு. பின்னணியில் ஒரு பக்கத்தை எழுதும்போது வட்டு தோற்றுவிட்டது. கெர்னல் அந்தக் கோப்பின்மேல் பிழைக்குறி இடுகிறது; பக்கத்தையோ பல கோப்பு முறைமைகளில் "எழுதியாயிற்று" என்றே குறித்துவிடுகிறது. நிரல் எஃப்சின்க் அழைத்ததும் 5 கிடைக்கிறது. நல்லெண்ணத்தோடு நிரல் மறுபடி அழைக்கிறது. எழுத வேண்டிய பக்கம் எதுவும் இல்லை, பிழைக்குறியும் ஏற்கெனவே தெரிவிக்கப்பட்டுவிட்டது. ஆகவே விடை 0. நிரல் நிம்மதியடைகிறது, தரவு போய்விட்டது. அந்தப் பக்கம் நினைவகத்தில் இருக்கும்வரை கோப்பைப் படித்தால் புதுத் தரவே தெரியலாம்; நினைவகத்திலிருந்து நீங்கிய பிறகுதான் பழைய உள்ளடக்கம் முகம் காட்டும்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தள உருவாக்குநர்கள் 2018-இல் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தபோது, அத்தனை ஆண்டுகள் நம்பியிருந்த "மறுபடி முயல்" என்ற உத்தி பொய்யானது. 2019 பிப்ரவரியில் வெளியான சிறு பதிப்புகளிலிருந்து, எஃப்சின்க் தோற்றால் தரவுத்தளம் தானே விழுந்து தன் சொந்த ஜர்னலிலிருந்து மீளும்படி மாற்றப்பட்டது. கெர்னல் பக்கத்தில் 4.13 பதிப்பு பிழையை வரிசை எண்ணோடு சேர்த்து வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. அதனால் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒருமுறை பிழை தெரிவிக்கப்படுகிறது. பிழை நேர்ந்த பிறகு கோப்பைத் திறந்தவருக்கு, அதுவரை யாரும் பார்த்திராத பிழையைத் தெரிவிக்கும் திருத்தம் 4.17 காலத்தில் சேர்ந்தது. இவ்வளவுக்குப் பின்னும் ஒருமுறைதான். நிரலின் கடமை தெளிவானது: எஃப்சின்க் தோற்றால் அதே கோப்பில் அதே தரவு இருப்பதாகக் கருதாமல், மூலத்திலிருந்து புதிதாக எழுத வேண்டும் அல்லது நின்றுவிட வேண்டும்.

அறிகுறி: எந்தப் பிழையும் இல்லை, ஆனால் கோப்பு வெறுமை அல்லது அரைகுறை

கோப்பு அரைகுறையாக இருந்தால் ரைட் திருப்பித் தந்த எண்ணை நிரல் பார்த்ததா என்று தேடுங்கள். 8192 பைட் கொடுத்து 4096 என்று விடை வந்தால் அது பிழையன்று. மீதியை மறுபடி கொடுப்பது நிரலின் பொறுப்பு. என்எஃப்எஸ் (வலையமைப்புக் கோப்பு முறைமை) வழியாக எழுதினால் இடமின்மையும் பங்கீட்டு மீறலும் குளோஸ் அழைப்பில்தான் தெரியவரலாம். குளோஸின் விடையைப் பார்க்கும் நிரலை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

மின்சாரம் போய் வந்தபின் கோப்பு 0 பைட்டாக இருந்தால், புதுக் கோப்பில் எழுதி எஃப்சின்க் செய்யாமலே பழைய பெயருக்கு மாற்றியிருப்பார்கள். தாமத ஒதுக்கீடு கொண்ட ஈஎக்ஸ்டி4 வந்த புதிதில், 2009-இல், இது பெரிய சச்சரவாகி, 2.6.30 கெர்னலில் இவ்வகைப் பெயர்மாற்றத்தை முன்னுணர்ந்து தரவை முதலில் எழுதும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. அதை நம்பி நிரல் எழுதக் கூடாது. கோப்பை எஃப்சின்க் செய்து, பெயர் மாற்றி, பிறகு அடைவையும் எஃப்சின்க் செய்வதே சரியான ஒழுங்கு.

நிரலில் குறையில்லை, கோப்பு முறைமையே பிழை செய்கிறது என்று தெரிந்தால்

அப்போது முதல் வேலை தோல்வியை வேண்டும்போது வரவழைப்பது. பழுதான வட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பதில் பயனில்லை. ஒரு வெற்றுக் கோப்பை லூப் சாதனமாக்கி (கோப்பை வட்டுபோல் காட்டி), அதன்மேல் கோரிக்கைகளை அப்படியே கீழே அனுப்பும் டிவைஸ் மேப்பரின் நேர்கோட்டு அட்டவணையை அமைத்து, வடிவமைத்து மவுண்ட் செய்யுங்கள். ஒரு கோப்பில் எழுதுங்கள், எஃப்சின்க் வேண்டாம். பிறகு எல்லாக் கோரிக்கைகளையும் தோற்கடிக்கும் எர்ரர் அட்டவணையை ஏற்றி, சாதனத்தை நிறுத்தித் தொடரச் செய்து, இப்போது எஃப்சின்க் அழையுங்கள். 5 வர வேண்டும். வராவிட்டால் பிழை உங்கள் கையில் இருக்கிறது.

இங்கே ஒரு பொறி. சாதனத்தை நிறுத்தும் கட்டளை இயல்பாகவே கோப்பு முறைமையை உறையவைத்து, எழுதப்படாத பக்கங்களையெல்லாம் முதலில் வட்டுக்கு அனுப்பிவிடும். அப்படி உறையவைப்பதைத் தவிர்க்கும் நோலாக்எஃப்எஸ் என்ற விருப்பத்தைச் சேர்க்காமல் ஒரு நாள் முழுதும் நான் சோதனை செய்து, பிழை மறைந்துவிட்டது என்று மகிழ்ந்திருக்கிறேன். பிழை அங்கேயேதான் இருந்தது. எல்லாத் தரவும் பத்திரமாக எழுதப்பட்ட பிறகுதான் நான் வட்டைக் "கெடுத்துக்கொண்டிருந்தேன்".

தோல்வி கைக்கு வந்தபின் காரணம் பெரும்பாலும் சின்னதாக இருக்கும். நான் பார்த்தவற்றில் மிகுதியானது இது: தரவை எழுதும் செயற்கூறு −5 தருகிறது, அது ரெட் என்ற மாறியில் வைக்கப்படுகிறது, இரண்டு வரி கீழே ஜர்னல் பரிமாற்றத்தை முடிக்கும் செயற்கூற்றின் விடையும் அதே மாறியில் ஏற்றப்படுகிறது. முடிப்பது வெற்றி பெற்றால் ரெட் 0 ஆகிறது. −5 இருந்த இடம் தெரியவில்லை. திருத்தம் இரண்டே வரி: இரண்டாம் விடைக்குத் தனி மாறி, முதல் பிழை இல்லாதபோது மட்டும் இரண்டாவதை எடுத்துக்கொள்ளுதல். இன்னொரு வகை, கோப்பின் முடிவுக்கு அப்பால் எழுதத் தொடங்கிப் பாதியில் தோற்கும்போது, ஒதுக்கிய தொகுதிகளைத் திரும்பப் பெறாமல் விட்டுவிடுவது. இதில் பயனருக்கு உடனே எதுவும் தெரியாது. பிறிதொரு நாள் ஈ2எஃப்எஸ்சிகே முணுமுணுக்கும்.

கோப்பு முறைமையைக் குற்றம் சாட்டும் முன் கீழ் அடுக்கையும் ஐயப்பட வேண்டும். 2018 இறுதியில் 4.19 கெர்னலில் தரவு கெடுவதாக வந்த புகார்களில் எல்லோர் விரலும் ஈஎக்ஸ்டி4 பக்கமே நீண்டது. குறையோ கோப்பு முறைமைக்கும் வட்டுக்கும் இடையிலான பிளாக் அடுக்கின் பல்வரிசைக் குறிமுறையில் இருந்தது.

பேக்போர்ட்: "திருத்தம் முதன்மைக் கிளையில் உள்ளது, பழைய கிளையில் இல்லை"

திருத்தங்களை மட்டும் பெறும் பழைய கெர்னல் கிளைகளான நிலைக்கிளைகளின் முதல் விதி, திருத்தம் லினஸ் டோர்வால்ட்ஸின் முதன்மைக் கிளையில் ஏற்கெனவே இருக்க வேண்டும் என்பது. அதன்பின் வருவன: வெளிப்படையாகச் சரியானதாகவும் சோதிக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும், சூழ்வரிகளையும் சேர்த்து 100 வரிக்கு மிகக் கூடாது, மக்களை உண்மையில் வருத்தும் பிழையைத் திருத்த வேண்டும். தரவு இழப்பு அந்த வரையறைக்குள் ஐயமின்றி அடங்கும். திருத்தத்தை முதலில் அனுப்பும்போதே எந்தக் கமிட் (குறிமுறை மாற்றப் பதிவு) பிழையைக் கொண்டுவந்தது என்பதை ஃபிக்ஸஸ் வரியில் 12 எழுத்துக் குறியோடு எழுதி, நிலைக்கிளைகளுக்கான ஸ்டேபிள் மின்னஞ்சல் முகவரியையும் நகல் வரியில் சேர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பழைய கிளைக்கு வேறொரு கமிட் முன்னதாகத் தேவைப்பட்டால் அந்த நகல் வரியிலேயே குறிப்பிடலாம்.

பேட்ச் (திருத்தக் கோப்பு) பொருந்தவில்லை என்ற அறிவிப்பு வந்தால் வருத்தப்படத் தேவையில்லை. அது நேர்மையான தோல்வி. செர்ரி-பிக் செய்து (அந்த ஒரு கமிட்டை மட்டும் எடுத்து ஒட்டி), மோதலைத் தீர்த்து, செய்தியின் தலையில் முதன்மைக் கமிட்டின் முழுக் குறியைக் குறிப்பிட்டு, எதை ஏன் மாற்றினீர்கள் என்று உங்கள் ஒப்பத்துக்கு மேல் சதுர அடைப்புக்குள் ஒரு வரி எழுதுங்கள். 5.15 கிளைக்குக் கேட்டால் அதைவிடப் புதிய, இன்னும் பராமரிக்கப்படும் கிளைகளிலும் அது இருக்க வேண்டும். இல்லையேல் மேம்படுத்திக்கொள்பவர் பழைய பிழைக்குத் திரும்புவார்.

அஞ்ச வேண்டியது மோதலே இல்லாமல் பொருந்திவிடும் பேட்சைத்தான். 2023 இறுதியில் 6.1.64 நிலைப்பதிப்பில் நடந்தது அதுதான். ஒத்திசைவான நேரடி எழுதுதலுக்குப்பின் கோப்பின் அளவைச் சரியாகப் பதிவு செய்யும் ஈஎக்ஸ்டி4 திருத்தம் அதில் சேர்க்கப்பட்டது. அந்தத் திருத்தம் ஐஓமேப் என்ற பொதுக் குறிமுறைப் பகுதியில் கோப்பு நிலை (கோப்பில் அடுத்து எழுத வேண்டிய இடம்) எப்போது முன்னேற்றப்படுகிறது என்பதை மாற்றிய வேறொரு கமிட்டைச் சார்ந்திருந்தது; அந்தக் கமிட் 6.1-இல் இல்லை. வரிகள் அழகாகப் பொருந்தின, தொகுப்பும் தடையின்றி முடிந்தது, கோப்பு நிலையோ தவறாகக் கணக்கிடப்பட்டுத் தரவைக் கெடுத்தது. டெபியன் லினக்ஸின் 12.3 வெளியீடு நிறுத்தப்பட்டு, 6.1.66 கெர்னலோடு 12.4 டிசம்பர் 10 அன்று வந்தது.

ஆகையால் பேக்போர்ட்டை நகலாகக் கருதாமல் புதுப் பேட்சாகவே கருத வேண்டும். திருத்தம் தொடும் செயற்கூறுகளை மட்டுமன்றி, அவற்றை அழைப்பவற்றையும் அவை அழைப்பவற்றையும் பழைய கிளையில் திறந்து பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முதன்மைக் கிளை வரலாற்றில் உங்கள் கமிட்டின் குறியைத் தேடி, அதற்குப் பின்னர் வந்த "திருத்தத்துக்குத் திருத்தம்" ஏதும் உண்டா என்று பாருங்கள்; இருந்தால் இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். பிழையை வரவழைக்கும் சோதனையைத் திருத்தாத பழைய கிளையில் முதலில் ஓட்டுங்கள். அங்கே பிழையே வரவில்லை என்றால் பேக்போர்ட் தேவையில்லை, அந்தக் கேள்வியை இரண்டு வரியில் முடித்துவிடலாம்.

பராமரிப்பாளர் தயங்குகிறார் அல்லது மௌனமாக இருக்கிறார்

தயக்கத்துக்குக் காரணம் உண்டு. பழைய கிளையில் ஓடுவது ஆண்டுக்கணக்கில் நிலைத்த குறிமுறை. அதில் கைவைத்துக் கெட்டால் பழி உங்களுக்கு வராது, அவருக்கு வரும். எக்ஸ்எஃப்எஸ் இவ்விஷயத்தில் மிகக் கண்டிப்பானது. நிலைக்கிளைக்கான பேட்சுகளைத் தானியங்கியாகத் தெரிவுசெய்வதை அது ஏற்பதில்லை. நிலைக்கிளைக்குச் செல்லும் பேட்சுகளைச் சோதித்து, அதன் பராமரிப்பாளர்கள் ஒப்புதல் அளித்த பின்னரே அனுப்ப வேண்டும்.

அவர் கேட்கக்கூடியதைக் கேட்குமுன் கொடுப்பதே சிறந்த வேண்டுகோள். எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்ற கோப்பு முறைமைச் சோதனைத் தொகுப்பின் ஆட்டோ குழுவைத் திருத்தாத கிளையில் பலமுறை ஓட்டி அடிப்படைப் பட்டியலை எடுங்கள். சில சோதனைகள் காரணமின்றி அவ்வப்போது விழும் என்பதால் ஒருமுறை போதாது. பிறகு திருத்திய கிளையில் அதே எண்ணிக்கையில், அதே வடிவமைப்பு விருப்பங்களோடு ஓட்டுங்கள். ஜெனரிக் 475 போல, வேலை நடக்கும்போதே வட்டைத் தோற்கடித்துப் பிறகு மீட்டுப் பார்க்கும் சோதனைகளை அதிக முறை ஓட்டுவது நல்லது. கடிதத்தில், பயனர் என்ன காண்கிறார், எந்தச் சோதனை முன்பு விழுந்து இப்போது தேறுகிறது, புதிதாக எது விழுகிறது, எந்த முன்தேவைக் கமிட்டுகளைச் சேர்த்தீர்கள், எதை ஏன் விட்டீர்கள் என்பவற்றை எழுதுங்கள். "முக்கியமான திருத்தம், தயவுசெய்து சேர்க்கவும்" என்ற வாக்கியம் எதையும் கூட்டுவதில்லை. முன்தேவை என்ற பெயரில் புதிய வசதியொன்றை உள்ளே இழுப்பது ஒப்புதலைக் கெடுப்பதற்கு உறுதியான வழி. முன்தேவைகள் பத்தைத் தாண்டுமானால், அந்தக் கிளைக்கென்று சிறிய தனித் திருத்தம் எழுதலாமா என்று அவரிடமே கேட்பது நலம்.

மௌனத்துக்கு மருந்து பொறுமையும், முன்பு எழுதியதையே மேற்கோளாக வைத்த சுருக்கமான நினைவூட்டலும். மறுப்பு வந்தால் அதிலுள்ள தொழில்நுட்பக் காரணத்துக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்; அது பேட்சின் அடுத்த வடிவத்தில் தெரிந்தால் மேலும் நன்று.

பேட்ச் வரிசையில் சேர்ந்ததும், அடுத்த நிலைப்பதிப்பின் முன்னோட்டம் பார்வைக்கு வரும். வழக்கமாக 48 மணி நேர அவகாசம்தான் இருக்கும். உங்கள் பேட்ச் இப்போது பிறருடைய நூற்றுக்கணக்கான பேட்சுகளோடு ஒரே கெர்னலில் இருக்கிறது. அந்த முன்னோட்டத்தையே தொகுத்து, எர்ரர் அட்டவணைச் சோதனையை நோலாக்எஃப்எஸ் விருப்பத்தோடு இன்னொருமுறை ஓட்டி, எஃப்சின்க் 5 தருவதைக் கண்டபின் "சோதித்தேன்" என்று உங்கள் பெயரோடு பதில் அனுப்புங்கள்.